லாரிப் பட்டறையில் ஆராதனை

நாமக்கல்லிலிருந்து முட்டை எடுக்கும் வெளியூர் வியாபாரிகளுக்கு அன்புச்செல்வி என்றால் ஒரு குரல். காலையில் அன்றைய ரேட் வந்ததும் பரமத்தி ரோட்டு முட்டை கம்பெனி ஆபீஸிலிருந்து அந்தக் குரல் கூப்பிடும். "ஏனுங்க, சௌக்கியமுங்களா? இன்னைக்கு எத்தனை பெட்டி ஏத்தறதுங்க?" பாலக்காட்டுக்காரரிடம் கொஞ்சம் மலையாளம், பெங்களூர்க்காரரிடம் கொஞ்சம் கன்னடம், எல்லாரிடமும் சிரிப்பு. நாற்பதைத் தாண்டியவள். ஒரே மகள் கோயமுத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். புருஷன் பூபதி அதே கம்பெனியின் முட்டை வண்டி ஓட்டுகிறான்.

ஆபீஸில் நாள் முழுக்க வாயால் பேசுகிறவள் ஊட்டுக்கு வந்தால் கையால் பேசுவாள். அவளுடைய தம்பி குழந்தைவேலுக்குக் காது கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் சிலர் அவனை ஊமை என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அன்புச்செல்விக்குக் காது மடல் சிவந்துவிடும். "எந்தம்பி பேசற பேச்சுல பாதி கூட நீங்க பேச மாட்டீங்க. உங்களுக்குப் புரியலைன்னா அது அவன் தப்பாங்க?" என்று சண்டைக்கே போய்விடுவாள்.

சேலத்தில் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் அவன் படித்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் புதுப்புதுச் சைகைகளோடு வந்து இறங்குவான். அவற்றை முதலில் கற்றுக்கொள்வது அக்காதான். அப்போதிருந்து பேங்கானாலும் ஆஸ்பத்திரியானாலும் பெண் பார்க்கப் போன இடமானாலும் தம்பிக்கு வாய் அவள், அவனிடம் பேச வருகிறவர்களுக்குக் கை அவள். மல்லசமுத்திரத்திலிருந்து அவனுக்கு வாய்த்த பெண் சரிதாவுக்கும் காது கேட்காது. சரிதா தையல் மிஷின் வைத்திருக்கிறாள். அவன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மர வேலை பார்க்கிறான். நல்லிபாளையத்தில் ஒரே தெருவில் அக்கா ஊடும் தம்பி ஊடும். இரண்டுக்கும் நடுவே கையசைவில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அன்புச்செல்வி ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். மேசை மேல் சாய்த்து வைத்திருந்த இன்னொரு போனில் தம்பி வீடியோவில் வந்து, எந்தக் கடையில் மீன் வாங்குவது என்று கேட்டான். வாய் முட்டைக்கும் கை மீனுக்குமாக அவள் பேசியதை வாசலில் நின்று ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தார். பருத்திப் புடவை, கையில் ஹெல்மெட், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அட்டை அட்டையா முட்டை வேணும்ங்க. நாளைக்குச் சாயங்காலம் சாப்பாட்டுக்கு" என்றார் அவர். பிறகு, "அதுக்கும் மேல இன்னொண்ணும் வேணும். நீங்க சைகை மொழி பேசறீங்களா?"

"பேசறதுன்னு என்னங்க. தம்பிகூடப் பொழங்கறதுங்க. ஏனுங்க?"

அந்தப் பெண்ணின் பெயர் தமிழினி. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சர்ச்சுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருப்பதாகச் சொன்னார்.

"அப்படீங்களா. ஐயா வெளியூர் போயிருக்காருங்களா?"

"எந்த ஐயா?"

"உங்க ஊட்டுக்காரருங்க. அவருதானுங்களே பாஸ்டரு?"

தமிழினி வாய்விட்டுச் சிரித்தார். "நாந்தாங்க பாஸ்டர். எங்க வீட்டுக்காரர் ஈரோட்ல பேங்க்ல வேலை செய்யறார். ஜெபம் பண்ணலாம்னா கண்ணை மூடுவார், அப்படியே தூங்கிருவார்."

பெண் பாஸ்டரை அன்புச்செல்வி அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தமிழினி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். காலையில் சர்ச்சில் வழக்கமான ஆராதனை. ஞாயிறு சாயங்காலம் பின்னால் இருக்கிற ஹாலில் வேறொன்று. அதற்குத் 'திறந்த முற்றம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். இயேசுவின் கதை ஒன்றைச் சொல்வார்கள், அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், சண்டையும் போடலாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பாடுவார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பாடு.

"கடவுள் இருக்காரான்னு தெரியாதவங்க, இருக்கார்னு தெரிஞ்சும் அவர்மேல கோவமா இருக்கவங்க, கோயிலுக்குப் போறவங்க, எங்கயுமே போகாதவங்க எல்லாரும் வாராங்க. உண்டியல் கிடையாது. ஆள் சேர்க்கறதும் கிடையாது. ரெண்டு வாரமா நாலு பசங்க வந்தாங்க, நூல் மில்லுல வேலை செய்யறவங்க. காது கேக்காது. கடைசி வரைக்கும் உக்காந்திருந்துட்டு, போறப்போ ஒருத்தன் போன்ல டைப் பண்ணிக் காட்டறான். 'எங்களுக்கும் சொல்லுங்க'ன்னு. எனக்குத் தூக்கமே வரலைங்க."

அன்புச்செல்விக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. ஆனால் வாய் ஜாக்கிரதையாகப் பேசியது. "நாங்க மாரியாத்தாளக் கும்படறவங்களுங்க."

"கும்பிட்டுட்டே வாங்க."

ராத்திரிச் சோற்றின்போது பூபதியிடம் சொன்னாள். அவன் குழம்புக் கையை அப்படியே நிறுத்திக்கொண்டான். "மதம் மாத்தறதுக்குத்தான் புள்ள கூப்புடுவாங்க. வேற எதுக்கு?"

"மாத்தறதுக்கு நான் என்ன லாரி டயரா? போய்ப் பாத்துட்டு வாரேன்."

"அப்ப நானும் வாரேன்" என்றான் பூபதி. காவலுக்குப் போவது போலத்தான் கிளம்பினான்.

தம்பியையும் கூப்பிட்டாள். அவன் மாட்டேன் என்று ஒரே ஆட்டாகத் தலையை ஆட்டினான். பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தன் காதுகளில் வைத்துக் காட்டினான். அக்காவுக்கு உடனே புரிந்தது.

அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கோயில் கோயிலாகவும் டாக்டர் டாக்டராகவும் அலைந்து சோர்ந்த அம்மா, யாரோ சொன்னார்கள் என்று ஒரு மைதானத்தில் நடந்த, ஜெபத்தால் குணமாக்கும் கூட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போனாள். அன்புச்செல்வியும் போயிருந்தாள். மேடையில் ஒருவர் அவன் காதில் விரலை விட்டுக் கத்தினார். "அம்மா என்று சொல்!" என்று மைக்கை வாயில் திணித்தார். என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் பையன் அக்காவைப் பார்த்தான். அக்கா கீழே, கூட்டத்துக்குள்ளே. கையைத் தூக்கிச் சொல்லக்கூட இடமில்லை. அவன் பயத்தில் அலறினான். அந்த அலறலைப் பேச்சு என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. அன்றிலிருந்து சிலுவை போட்ட கட்டடம் என்றாலே அவன் அந்தப் பக்கம் நடப்பதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அன்புச்செல்வி அந்த நான்கு மில் பையன்களுக்கு எதிரே நின்றாள். ஆபீஸ் வேலையே தேவலாம் போலிருந்தது. தமிழினி பேசப் பேச இவள் கை ஓடியது. ஆடு காணாமல் போனது சுலபம். மேய்ப்பன் தேடுவதும் சுலபம். பாடுபடுவதும் பசியும் விருந்தும் எல்லாம் வந்துவிட்டன. பிறகு தமிழினி ஒரு சொல் சொன்னார். அன்புச்செல்வியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பையன்கள் நால்வரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க" என்று அவள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். "கிருபைன்னா என்னங்க?"

காலையும் மாலையும் அந்தச் சொல்லைச் சொல்லியே வளர்ந்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒரு அம்மாள் "இரக்கம்" என்றார். ஒரு கல்லூரிப் பெண் "இலவசம்" என்றாள். "அப்ப ரேஷன் அரிசியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். தமிழினி கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "நல்ல கேள்வி. இன்னைக்கு நான் தயார் பண்ணிட்டு வந்தது அப்புறம். இதையே பேசுவோம்." அன்று முழுக்க அதையே பேசினார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒன்றும் சைகைக்குள் உட்காரவில்லை.

வாசலில் காவலுக்கு நின்ற பூபதி, சாப்பாட்டு நேரத்தில் பரிமாற ஆள் போதாமல் திணறுவதைப் பார்த்துத் தானே கரண்டியை எடுத்துக்கொண்டான். முட்டைக் குழம்பை ஊற்றிக்கொண்டே ஒவ்வொருவரிடமும், "நீங்க எந்த ஊருங்க?" என்று விசாரித்தான். ஒருத்தரும் அவனிடம் எந்த மதம் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது, "சாப்பாட்டுல காரந்தான் பத்தல" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் மிளகாய்ப் பொடி டப்பாவோடு கிளம்பினான்.

அந்த முதல் ஞாயிறு இரவே அன்புச்செல்வி தம்பி ஊட்டுக்குப் போய், ஹாலில் நடந்ததை அப்படியே காட்டினாள். "ஒரு சொல்லு. யாராலயும் சொல்ல முடியல." அவள் விளக்க விளக்கக் குழந்தைவேல் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தான். சரிதா துணி வெட்டுவதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நீ கேட்காதது, உனக்கு வர வேண்டிய உரிமையும் இல்லாதது, ஆனால் வருவது. அப்படியா? ஆமாம், அப்படித்தான் சொன்னார்கள் என்றாள் அக்கா.

குழந்தைவேல் எழுந்து நின்று ரோட்டோரம் நடப்பவனாக நடந்தான். சோர்ந்த நடை. கை காட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு லாரி தானாக வந்து நிற்கிறது. உள்ளிருந்து ஒருவன் கதவைத் தள்ளித் திறக்கிறான், ஏறு என்று தலையை அசைக்கிறான். சரிதா கை இரண்டையும் மேலே தூக்கி ஆட்டினாள். அது அவர்களுடைய கைதட்டல். மூவரும் சேர்ந்து அதைச் சுருக்கினார்கள். ஒரு கை நின்ற லாரி, மறு கை திறக்கும் கதவு. அதுவே கிருபை.

அடுத்த ஞாயிறு அவள் அந்தச் சைகையைக் காட்டியதும் நான்கு பையன்களும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள். தமிழினி அதைப் பார்த்து, தானும் செய்து பார்த்து, வட்டத்திலிருந்த எல்லாரையும் செய்ய வைத்தார். அன்புச்செல்விக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. பெருமையில் முகம் பூரித்து, ராத்திரி ஓட்டமும் நடையுமாக வந்து தம்பியிடம் சொன்னாள். "உன் சைகையத்தான் எல்லாரும் போட்டாங்க. பாஸ்டரம்மா கூட!"

அதன்பிறகு வாரம் ஒரு சொல் என்று ஆகிவிட்டது. மன்னிப்பு. ஆசீர்வாதம். பாவம் என்ற சொல்லுக்கு மூன்று ராத்திரி சண்டை போட்டார்கள். ஹாலுக்குப் போகாமலேயே குழந்தைவேல் பாதி ஆராதனையைத் தன் ஊட்டில் நடத்திக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனே கேட்டான். "என் காதில் விரலை விட்டார்களே. அது எந்தக் கதை? உண்மையில் அதில் என்ன இருக்கிறது?" இயேசு காது கேளாத ஒருவனைக் குணமாக்கிய அந்தக் கதையைத் தமிழினியிடம் கேட்டு வாங்கி வந்து அவள் வரி வரியாகக் காட்டினாள். அவன் இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னான். பிறகு பீடி பிடிக்க வெளியே போய்விட்டான்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிறு, கூப்பிடாமலே வந்தான். உள்ளே வராமல் கதவில் சாய்ந்து நின்றான். தமிழினி அவனிடம் போனார். அதற்குள் அவர் கொஞ்சம் சைகை கற்றிருந்தார், மைதானத்தில் நடந்ததையும் அக்காவிடம் கேட்டிருந்தார். தன் இரண்டு காதுகளையும் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உன் காதை யாரும் தொட மாட்டோம் என்று அர்த்தம். குழந்தைவேல் சிரித்துவிட்டான்.

கதை நேரத்தில் ஆர்வமாகப் பார்த்தான். பாட்டு ஆரம்பித்ததும் அவன் முகம் வாடியது. கீபோர்டும் டிரம்ஸுமாக ஹால் அதிர்ந்தது, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். மில் பையன்கள் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்புச்செல்வி பாட்டின் வரிகளைக் காட்டினாள், ஆனால் வரியை மட்டும் காட்டினால் பாட்டாகுமா?

முடிந்ததும் அவன் அக்காவை இழுத்துக்கொண்டு போய்த் தமிழினி முன்னால் நிறுத்தினான். "சொல்லு. பாட்டு வந்தால் நீங்கள் எல்லாரும் ஊட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். நாங்கள் வெளியே நிற்கிறோம்."

அன்புச்செல்வி அதை அப்படியே சொன்னாள், ஒரு சொல்லைக்கூட மென்மையாக்காமல்.

"நிஜந்தான்" என்றார் தமிழினி. "என்ன செய்யலாம்?"

குழந்தைவேல் குதிகாலால் தரையைத் தட்டினான். சிமெண்டுத் தரை, செத்த தரை என்றான். எங்கள் பட்டறைக்கு வா. லாரியின் தரைப் பலகை முடிந்ததும் அதன்மேல் ஏறி நில். அந்த மூலையில் ஒருவன் கொட்டாப்புளி மரச் சுத்தியலால் அடித்தால் இந்த மூலையில் என் வயிற்றுக்குள் கேட்கும். எவன் அடிக்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன்.

தமிழினியின் கண் விரிந்தது. "அங்க ஆராதனை வெச்சா?"

பட்டறை முதலாளி சண்முகவேல் ஐம்பது வயதுக்காரர், காரியத்தைச் சுருக்கமாகப் பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவுதான் என்றாலும் விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்தார். "ஏனுங்க பாஸ்டரம்மா, பட்டறைல எங்க முருகன் படம் இருக்குது. வெள்ளிக்கெழமை தவறாம பூஜை போடறமுங்க. அத எடுக்கச் சொல்லக்கூடாது."

"அது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டுங்க. நாங்க விருந்தாளிங்க."

"அப்புறம் எங்க வேலு கேட்டான்னுதான் தாரேன். இத்தன வருசத்துல அவன் எங்கிட்ட லீவு கூடக் கேட்டதில்ல." சொல்லிவிட்டு நிறுத்தி, "சோறும் உண்டுங்களா?" என்று கேட்டார். கூட வந்திருந்த பூபதி முந்திக்கொண்டு, "உண்டுங்க, காரமாவே உண்டுங்க" என்றான்.

ஐப்பசி மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க அன்புச்செல்விக்கு நிலைகொள்ளவில்லை. பாலக்காட்டுக்காரருக்குப் போக வேண்டிய லோடை பெங்களூர்க்காரருக்குச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சேலத்திலிருந்து தம்பியின் பள்ளி நண்பர்கள் வருகிறார்கள், திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வேன் வருகிறது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பட்டறையில் புது லாரி ஒன்று, கேபினும் பக்கவாட்டுப் பலகையும் இன்னும் ஏறாமல், தரைப் பலகை மட்டும் முடிந்து அகலமான மேடைபோல நின்றது. குழந்தைவேல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கினான்.

ஞாயிறு சாயங்காலம் கூட்டம் எதிர்பார்த்ததற்கு மேல் வந்தது. வேதப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு சர்ச்சின் பெரியவர்கள், கோழிப்பண்ணையில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள், ஹாஸ்டல் டீச்சர்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடை வைத்திருக்கும் திருநங்கை ஒருத்தி, பட்டறைத் தொழிலாளர்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும். காது கேளாதவர்கள் முன்வரிசையை நிரப்பினார்கள். தகரக் கொட்டகையில் பெயிண்ட் வாசமும் முட்டைக் குழம்பு வாசமும் ஒன்றாகக் கலந்து வீசின.

தமிழினி லாரிப் பலகை மேல் நின்று மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். அன்புச்செல்வி கையைத் தூக்கினாள்.

அப்போது மழை இறங்கியது.

தூறி ஆரம்பிக்கவில்லை. ஒரேயடியாகக் கொட்டியது. நாமக்கல் மலையின் உச்சியே கண்ணுக்கு மறைந்து போனது. தகரக் கூரை மேல் அத்தனை ஆணிகளையும் ஒன்றாகக் கவிழ்த்தது போல ஒரு பேரிரைச்சல். தமிழினி குரலை உயர்த்தினார். ஸ்பீக்கர் கீச்சிட்டது. சாரல் அடிக்கவே மைக் செட்காரர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். தமிழினியின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. பெரியவர்கள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு ஒருவரையொருவர் "என்ன, என்ன?" என்று கேட்டார்கள். அந்த "என்ன"வும் கேட்கவில்லை. யாரோ எழுந்து, நிறுத்திவிடலாம் என்று கையைக் காட்டினார்.

அன்புச்செல்வி பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். முன்வரிசைக்காரர்கள் மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். சரிதா கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருந்தவளிடம் பிளவுஸ் அளவு கேட்டாள். சேலத்துப் பையன் ஒருவன் ஏதோ ஜோக் சொல்ல நான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கொட்டகையில் மற்ற அத்தனை பேருக்கும் பேச்சு போய்விட்டது, அவர்களுக்கு மட்டும் இருந்தது.

குழந்தைவேலுக்கும் அது புரிந்திருந்தது. அக்காவைப் பார்த்தான். கண்ணில் சிரிப்பு. "என்ன இரைச்சலாமா?" என்று கேட்டான்.

"ஒன்றுமே கேட்கவில்லை" என்றாள்.

"அப்படியானால் நீ உட்கார். நான் பேசுகிறேன்."

ஒரே தாவில் லாரிப் பலகை மேல் ஏறினான். தமிழினியைப் பார்த்து, செய்யட்டுமா என்று கேட்டான். தமிழினி செத்துப் போன மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும், "வா, வா, உன் இடம்" என்று காட்டிவிட்டுக் கீழே இறங்கிக் கூட்டத்தோடு உட்கார்ந்தார்.

அவன் சொன்னது அந்தக் கதையைத்தான். முதலில் காது கேளாத ஒருவனாக நின்றான். அவனை ஆட்கள் இழுத்து வருகிறார்கள், தள்ளுகிறார்கள், ஆளாளுக்கு வாயை அசைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு வேடிக்கை பார்க்க வேண்டும். அவன் மிரண்டு மிரண்டு விழிக்கிறான். அந்த மிரட்சியை இவன் நடிக்கவில்லை என்பது கொட்டகையில் ஒருத்திக்குத் தெரியும். பிறகு குழந்தைவேல் வேறு ஆளானான். நிதானமாக வருகிற ஒருவர். அவர் அவனை மேடையில் ஏற்றவில்லை. கையைப் பிடித்துக் கூட்டத்தை விட்டு அப்பால் கூட்டிப் போகிறார். பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் குழந்தைவேல் மெல்ல நடந்தான். நின்று, எதிரே இருப்பவனின் கண்ணைப் பார்த்தான். காதைத் தொட்டுக் காட்டினான். நாக்கைத் தொட்டுக் காட்டினான். வானத்தை அண்ணாந்து பார்த்துத் தோள் இறங்கப் பெருமூச்சு விட்டான்.

அன்புச்செல்வியின் வாய் பழக்கத்தில் திறந்தது, சொல்வதற்கு. யாருக்குக் கேட்கப் போகிறது? மூடிக்கொண்டாள். மூடிய பிறகு முழுசாகப் பார்த்தாள். தம்பி பேசுவதை, அடுத்து என்ன சொல்லில் மாற்றுவது என்ற யோசனை இல்லாமல், அவள் பார்த்ததே இல்லை. அவன் எவ்வளவு அழகாகப் பேசுகிறான்!

குழந்தைவேல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "பார்த்தீர்களா? அவர் கத்தவில்லை. கையால் பேசினார். முதலில் அவனுடைய மொழியில் பேசினார்." அதோடு நிறுத்தினான். காது திறந்ததை அவன் சொல்லவில்லை. அங்கே அவனுக்கு அது தேவைப்படவில்லை.

முன்வரிசை முழுக்கக் கைகள் உயர்ந்து ஆடின. பின்னால் இருந்தவர்களுக்கு எல்லாம் புரிந்திருக்காது, ஆனாலும் அவர்களும் கையைத் தூக்கினார்கள். கொட்டகை நிறைய, சத்தமில்லாத கைகள், மேலே மழை.

பிறகு அவன் கொட்டாப்புளியை எடுத்தான். பலகையில் ஓங்கி ஓர் அடி. சேலத்து நண்பர்கள் ஏறிக்கொண்டார்கள். மில் பையன்கள், சரிதா, தமிழினி, டீச்சர்கள், பூக்கடைக்காரி. அடி சீராகி வேகமெடுத்தது. அன்புச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்கூட்டில் வந்து அது இடித்தது. இதுதானா இவன் சொன்ன பாட்டு! சர்ச்சின் பழைய பாமாலைப் பாட்டுகள் தவிர எதையும் பாடாத ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக்கொண்டு காலால் தாளம் போட்டார். கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்ற சண்முகவேல் பலகையின் அடியில் குனிந்து பார்த்தார், எல்லாம் தாங்குகிறது என்று தெரிந்ததும் அவரும் ஏறிவிட்டார். பூபதி கரண்டியோடு ஏறினான்.

தாளம் அடங்கியதும் குழந்தைவேல் எல்லாரையும் பார்த்து, ஜெபம், ஒவ்வொருவராக, கையால் மட்டும் என்று காட்டினான். அந்தப் பெரியவர் தன் முழங்காலைத் தடவிக் காட்டி மேலே பார்த்தார். வடக்கத்திப் பையன் ஒருவன் ரொம்ப தூரத்தைக் காட்டி, பிறகு ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டினான். பூக்கடைக்காரி தன்னை உச்சி முதல் கால் வரை காட்டி, "இதுவும் நீ செய்ததுதானே" என்பதுபோல விரலை மேலே நீட்டினாள். பெரியவர் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

தம்பி அக்காவிடம் திரும்பினான். "நீ?"

"நான் எதுக்கு? நான் சொல்றவ."

"யாருக்குச் சொல்லணும்? இன்னைக்கு எல்லாருக்கும் காது கேட்காது" என்றான் அவன்.

அன்புச்செல்வி கையைத் தூக்கினாள். தயக்கத்தில் ஒருமுறை இறக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சின்ன வயசிலிருந்து அடுத்தவர் பேச்சையே பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு பேச்சு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தால், அது என்னவென்று எனக்குக் காட்டு." யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. மாரியாத்தாளா, இயேசுவா, மழையா. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகி, காரணமே இல்லாமல் சிரிப்பு பொங்கிவந்தது. சரிதா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு பட்டறையில் கூடுகிறார்கள். எல்லாருக்கும் பிடித்துப் போய்விடவில்லை. "இது ஆராதனையா, கூத்தா?" என்று சர்ச்சில் இரண்டு குடும்பங்கள் சாயங்காலம் வருவதை நிறுத்திக்கொண்டன. கமிட்டி தமிழினியைக் கூப்பிட்டு விசாரித்தது. "ஒருக்கா வந்து பலகை மேல நில்லுங்க. அப்புறம் பேசுவோம்" என்றார் அவர். சிலர் வந்து நின்றார்கள். வந்தவர்களில் ஒருவர் இன்னமும் குறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார், ஆனால் ஒரு மாதமும் தவறுவதில்லை.

அன்புச்செல்வி பங்குனியில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள். ஞாயிறு சாயங்காலமும் போகிறாள். ஞானஸ்நானம் பற்றித் தமிழினி கேட்டதுமில்லை, இவள் சொன்னதுமில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் சர்ச் ஹாலில் காது கேட்கிறவர்களுக்குச் சைகை வகுப்பு எடுக்கிறாள். இப்போது அவள் வகுப்பில் நின்றால் தெருவரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பூபதிதான் மோசமான மாணவன். 'உப்பு' என்று காட்டச் சொன்னால் 'மாமியார்' என்று காட்டுகிறான்.

போன மாதம் சேலம் சூரமங்கலத்திலிருந்து அழைப்பு வந்தது. ரயில்வே குடியிருப்பில் ஒரு சின்னக் கூட்டம் இதேபோல ஒன்றை ஆரம்பிக்க ஆசைப்பட்டது. முட்டை வண்டியைக் கழுவி, விரிப்புப் போட்டு, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பூபதி ஓட்டினான். ராசிபுரம் தாண்டும்வரைக்கும் 'பரிசுத்தம்' என்ற சொல்லுக்கு அக்காவும் தம்பியும் வண்டிக்குள் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். தமிழினி நடுவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் தப்பு என்றார்.

ஹாலுக்குள் நுழைந்ததும் டீ நீட்டிய ஒரு அம்மாள் அன்புச்செல்வியிடம் கேட்டார். "நீங்க எந்தச் சபைங்க?"

"எந்தச் சபையும் இல்லீங்க. தேடிக்கிட்டு வந்தவ. வந்த எடத்துல வேலை நெறைய இருக்குதுங்க" என்றாள். டீயை மடக்கென்று குடித்துவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட ஓடினாள்.